மாலையும் கழுத்துமாக ஒரு வியாழன்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று கல்யாணமான நாளிலிருந்து எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பெயர் ஆவுடைநாயகம். பாளையங்கோட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் ஆசையாக ஒரு ஃப்ரேமை மாட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், முகத்துக்குப் பொருந்தவில்லை என்று பட்டென்று சொல்லிவிடுவார். அதனாலேயே பாதி வியாபாரம் எதிர்க்கடைக்குப் போகும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு பொய் சொன்னார். அதுவும் கூடப்பிறந்த அக்காவிடம். அந்தப் பொய் அவரைப் படுத்திய பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

எல்லாம் அந்தத் தொலைநோக்கி வந்த பிறகு நடந்ததுதான்.

ஆண்களுக்கு ஐம்பது தாண்டியதும் ஏதாவது ஒரு பித்துப் பிடிக்கும். ஒருவருக்கு மலைக்கோயில், ஒருவருக்குப் பங்குச்சந்தை. இவருக்கு வானம். மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போனை வைத்து இது அந்த நட்சத்திரம், அது இந்த நட்சத்திரம் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அது போதவில்லை. ஒல்லியான ஒரு வெள்ளைக் குழாய், மூன்று கால் ஸ்டாண்டில் நிற்பது, அதன் மேல் ஆசைப்பட்டார். எத்தனையோ நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். வாங்கத்தான் இருந்தார். கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த அசன் மைதீன் சார், பிசிக்ஸ் வாத்தியார், அதைத் தடுத்துவிட்டார். எத்தனை மடங்கு என்று பார்க்காதீர்கள் அண்ணாச்சி, வாய் எவ்வளவு அகலம் என்று பாருங்கள் என்றிருக்கிறார். மழைத் தண்ணீர் பிடிக்கச் செம்பை வைப்போமா, அண்டாவை வைப்போமா? வெளிச்சம் பிடிப்பதும் அப்படித்தானாம். போதாததற்கு, அந்தக் குச்சிக் காலில் வைத்தால் காற்றடிக்கும்போதெல்லாம் நிலா ஆட்டம் போடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதனால் இவர் வாங்கியது அண்டா. நல்ல தடிமனான குழாய், கால் கிடையாது. பலகைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும், தள்ளினால் சுற்றும், அழுத்தினால் நிமிரும். அடியில் குழிந்த கண்ணாடி ஒன்று பதித்திருக்கும். கண் வைக்கிற இடம் மேலே, பக்கவாட்டில். பெட்டியைப் பிரித்தபோது பாத்ரூமுக்குப் புதுக் கெய்சர் வந்திருக்கிறது என்றுதான் நான் சந்தோஷப்பட்டேன்.

வாங்கின நேரமோ என்னவோ, பொதிகைப் பக்கமிருந்து சாரல் மேகம் வந்து வானத்தை மூடிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் ஒரு நட்சத்திரம் இல்லை. இவர் பகலில் மாடிக்குப் போய், பெரிய குழாயின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குழாயைத் திருகிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் இருட்டில் எதையாவது பிடிக்க முடியுமாம். தூரத்திலிருக்கும் வாட்டர் டேங்கை வைத்துச் சரிபார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். டேங்க் தலைகீழாகத் தொங்கியது. காசு கொடுத்து உலகத்தைக் கவிழ்த்துப் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். வானத்தில் ஏது மேல், ஏது கீழ் என்று பதில் சொன்னார்.

மேகம் விலகியதும் முதலில் நிலாவைக் காட்டினார். பள்ளமும் மேடுமாக, கைவைத்துத் தடவலாம் போல இருந்தது. அடுத்து ஒரு நாள் அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது மாடியிலிருந்து கூப்பிட்டார். அணைத்துவிட்டு ஓடினேன். சின்ன உருண்டை ஒன்று, அதைச் சுற்றி வளையம். சனி என்றார். யாரோ அச்சடித்து ஒட்டிவைத்தது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் வாயைப் பிளந்தேன். இவருக்கு அதில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு கேபிள்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று வீட்டுக்கு வந்த யாரையும் விடவில்லை. எல்லோரும் வளையத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், இவர் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும். பித்து வானத்தை விட்டு அதற்கு மாறிவிட்டது.

இனி வடிவு மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அக்கா. டவுனில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், சின்ன வயதிலேயே போய்விட்டார். கையில் ஒரு வேலை இல்லாமல் ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் பட்டது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைதான் சுகிர்தா. கணக்கு டீச்சர். மதினிக்குச் சாமியைவிடக் கிரகங்கள் மேல் பயம் அதிகம். வியாழக்கிழமை தவறாமல் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துவாள். சனிக்கிழமை சனிக்கு எள் விளக்குப் போடுவாள். குருவுக்கு முன்னால் நேராக நிற்பாள், சனிக்கு முன்னால் மட்டும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கும்பிடுவாள். அவர் பார்வை நேராக நம் மேல் விழக் கூடாது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்போம், ஆனால் அவள் அளவுக்கு ஒதுங்குகிறவர் கிடையாது.

அந்த ஆவணியில் சுகிர்தாவுக்கு முக்கூடலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம், பையனும் நல்ல மாதிரி. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. மதினி அதில்தான் தயங்கினாள். வேலையில்லாமல் நின்றவளுக்கு வேலையின் அருமை தெரியும். நல்ல இடத்தை விடவும் மனசில்லை. சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு வியாழ நோக்கம் வந்துவிட்டது, இனி கல்யாணம் கூடிவரும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். தம்பி மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு அந்த நோக்கமும் இந்த நோக்கியும் ஒன்றாகிவிட்டன. குருவைக் கண்ணால் பார்க்கலாமாமே என்று ஒரு வியாழக்கிழமை மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பிள்ளையோடு வந்துவிட்டாள்.

நான் கீழே காபி கலந்துகொண்டிருந்தேன். மாடியில் நடந்ததை இவர் பிறகு சொன்னார். கிழக்கே பக்கத்து வீட்டுத் தென்னைகளுக்குப் பின்னால் வியாழன் அன்றைக்கு இன்னும் எழும்பவே இல்லை. அது வர எட்டு மணிக்கு மேலாகும். மதினிக்கு முழங்கால் வலி, பஸ்ஸுக்கும் போக வேண்டும். இன்னொரு தடவை இந்தப் படி ஏற என்னால் ஆகாது தம்பி என்றிருக்கிறாள். இவரால் அக்காவைச் சும்மா அனுப்ப முடியவில்லை. தெற்கும் கிழக்குமான மூலையில் சனி ஜம்மென்று நின்றிருக்கிறது. குழாயை அதற்குத் திருப்பி, பார் அக்கா, குரு என்று சொல்லிவிட்டார்.

காபி டம்ளர்களோடு நான் காத்திருக்க, மதினி கண்ணீர் வழிய இறங்கி வந்தாள், பின்னாலேயே சுகிர்தா. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாலையும் கழுத்துமா நிக்காரு தாயி. நான் வாராவாரம் போட்ட மாலைதான் அது. இதுக்கு மேல எனக்கு என்ன அடையாளம் வேணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாலை என்றால் வளையம். வளையம் என்றால் எந்தக் கிரகம் என்று எனக்குத் தெரியும். நான் இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார். சுகிர்தா ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்தாள்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்துவிட்டது, அக்காவுக்கு ஒரு சந்தோஷம்தானே, அடுத்த முறை நிஜ வியாழனைக் காட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றார். சுகிர்தா படித்த பிள்ளை, அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டேன். புரிந்துகொண்டு உள்ளுக்குள் சிரித்திருப்பாள் என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாளில் மதினியிடமிருந்து போன் வந்தது. முக்கூடலுக்குச் சரி சொல்லிவிட்டாளாம். வேலை போனால் போகட்டும், குருவே மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது நாம் தட்டிப் பேசக் கூடாது என்றாளாம். இவர் சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தார். பிசையவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

அக்காள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் பக்கம் எவ்வளவு மதிப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை. அத்தான் இல்லாத வீட்டில் அப்பா ஸ்தானமும் இவருக்குத்தான். இப்படிச் செய், இப்படிச் செய்யாதே என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது ஒரு மாமன் சொன்ன வார்த்தை. இவரோ ஒன்றும் சொல்லாமல், ஒரு கிரகத்தின் பெயரை மாற்றிச் சொல்லி, ஒரு பெண்ணின் வேலையை விடவைத்துவிட்டார். அதை நினைத்து நினைத்து மனிதர் பாதியாகிவிட்டார்.

போய்ச் சொல்லுங்கள் என்று நான் நச்சரித்தேன். நீயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாத்தனார் காதில் நான் போட்டால் அது சனி கதையாக இருக்காது, தம்பி பெண்டாட்டி கல்யாணத்தைக் கலைத்த கதையாகிவிடும். அது எனக்குத் தேவையில்லை. சொன்னவர்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். இவரும் சொல்வதற்காக டவுனுக்குப் போவார். போய், அக்கா வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு, ரேஷன் அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு கட்டு முருங்கைக்காயோடு திரும்பி வருவார். சொன்னீர்களா என்று கேட்டால் முருங்கைக்காயை நீட்டுவார். அந்த மாதம் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் தவிர வேறு இல்லை.

தொலைநோக்கியைப் பழைய போர்வை போட்டு மூடிவிட்டார். யாராவது பார்க்கக் கேட்டால் மேகம் என்பார். வானம் கழுவிவிட்டது போல இருக்கும்போதும் மேகம்தான். கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி போட்டுவிட்டு, இப்போது சரியாகத் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். நீங்க காட்டினா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி என்று அவர் சொன்னாராம். அன்றைக்கு மத்தியானமே இவர் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து படுத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தோம். நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இவரைக் காணவில்லை. சனிக்கு நேர் எதிரே, மூக்குக்கு மூக்கு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒதுங்கி நில்லுங்கோ என்று குருக்கள் சத்தம் போடுகிறார். இவர் நகரவில்லை. நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தேன். அக்கா மேல் விழுந்த பார்வை தன் மேல் விழட்டும் என்று நின்றாராம். இதையெல்லாம் நம்பாத மனிதர். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

நிச்சயதாம்பூலம் ஐப்பசியில் என்று முடிவானது. மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை பொழுது சாய மதினி சுகிர்தாவோடு வந்தாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, நேராக மாடிக்கு ஏறினாள். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் கொண்டைக்கடலை மாலை. போர்வையை எடுத்து, அந்தக் கெய்சர் குழாய்க்குச் சந்தனம் வைத்து, மாலையைச் சாத்தி, விழுந்து கும்பிட்டாள். நிச்சயத்துக்கு முன்னால் குருவுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். இன்னொரு தடவை காட்டு தம்பி என்றாள்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு வானத்தில் இரண்டுமே இருந்தன. தெற்கே உச்சியை ஒட்டிச் சனி, கிழக்கே தென்னைகளுக்கு மேலே வியாழன், பளிச்சென்று. குழாய் முதலில் தெற்குப் பக்கம் போனது. இன்னொரு பொய் சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பாதியில் நின்று, மாலை ஆட ஆடக் கிழக்கே திரும்பியது.

மதினி கண்ணை வைத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள்.

"ஏலே, மாலைய எங்க?"

இவர் குழாயில் ஆடிய கடலை மாலையைப் பிடித்து நிறுத்தினார்.

"வெறும் உருண்டையால்லா இருக்கு. பக்கத்துல நாலு புள்ளி நிக்கி. மாலைய எங்கலே?"

"இதுதாங்க்கா குரு. அன்னைக்கு நீ பாத்தது சனி. குரு எந்திரிக்கல, நான் சும்மா சொல்லிட்டேன்."

மதினி தொலைநோக்கியை விட்டு ஒரு அடி பின்னால் போனாள். நேராகவா நின்று பார்த்தேன் என்று மெல்லக் கேட்டாள். இவர் தலையை ஆட்டினார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். இவர் குனிந்த தலை நிமிராமல், சரி சொன்னது என் பொய்யை நம்பித்தானே, வேண்டுமென்றால் இப்போதும் யோசிக்கலாம் என்று என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதுவரை பேசாமல் நின்ற சுகிர்தா வாயைத் திறந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா."

மதினி திரும்பினாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மாமா சொல்லட்டும்னு அவங்க முகத்தையே பாத்துட்டு நின்னேன். மாமா என்னைப் பாத்து ஒத்தக் கண்ணைச் சிமிட்டுனாங்க. சரி, எல்லாரும் பேசி வச்சுத்தான் செய்யுதாங்க போல, இனி யாருட்ட போய்ச் சொல்லன்னு விட்டுட்டேன்."

அன்றைக்கு இவர் என்னிடம் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது அதைத்தான். இவர் விளையாட்டுக்குச் சிமிட்டியிருக்கிறார். வீட்டில் தனக்கென்று பேச இருந்த ஒரே ஆளும் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அந்தப் பிள்ளை அதை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இவர் மாடித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மதினி என்னை விலக்கிவிட்டு மகளிடம் போனாள். உனக்கு என்னடி வேண்டும் என்று அவள் கேட்டதை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். வேலையை விட எனக்கு மனசில்லைம்மா என்றாள் சுகிர்தா. அழவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் சொன்னாள். மதினி அவள் தலையைத் தடவிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். சனியைக் காட்டியதற்குத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சனி என்னைப் பாத்தா பாத்துட்டுப் போறாரு. எம்புள்ள ஒம் மொகத்தையே பாத்துட்டு நின்னுருக்கா. நீ என்னத்தலே பாத்த?"



மறுநாள் காலையில் இவர் தனியாக முக்கூடலுக்குப் போனார். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பெண் வேலைக்குப் போவாள், அதற்குச் சம்மதம் என்றால் மேற்கொண்டு பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இத்தனை நாள் கழித்து இப்போது ஏன் என்று அவர்கள் கேட்டதும், மனிதர் பொய் சொல்லக் கூடாது என்று சபதம் எடுத்துவிட்டவர் போல, தொலைநோக்கி, சனி, மாலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம் என்றுதான் முதலில் இருந்தார்களாம். சனி பார்த்து முடித்த சம்பந்தம் என்று தெரிந்ததும் பையனின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். வாசல் வரை கூட யாரும் வரவில்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர், அக்காள் மகள் கல்யாணத்தைத் தாய்மாமனே கெடுத்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இவர் யாரிடமும் மறுத்துப் பேசுவதில்லை.

சுகிர்தா அதே பள்ளிக்கூடத்தில்தான் கணக்கு எடுக்கிறாள். இன்னும் இடம் அமையவில்லை. பார்த்துக்கொள்ளலாம் மாமா என்று அவள் சாதாரணமாகச் சொல்கிறாள். அவள் அப்படிச் சாதாரணமாகச் சொல்லும்போதெல்லாம் இவர் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பொய்யைச் சொன்னதும் குற்றம், உண்மையைச் சொன்னதும் குற்றம் என்று ஆகிவிட்டதே என்று என்னிடம் ஒரு நாள் புலம்பினார். உண்மை குற்றமில்லை, அதை அன்றைக்கே சொல்லாததுதான் குற்றம் என்றேன். ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் பொய் வராது.

மதினி பேசுகிறாள், வருகிறாள், போகிறாள். மாடிக்கு மட்டும் ஏறுவதில்லை. சனிக்கிழமைகளில் இப்போது இரண்டு எள் விளக்குப் போடுகிறாள். ஒன்று தம்பிக்காம்.

சுகிர்தா மட்டும் எப்போதாவது ஸ்கூல் விட்டு வருகிற வழியில் வந்து மாடிக்கு ஏறுவாள். போன வாரமும் வந்தாள். வளர்பிறை நிலா நன்றாக மேலே வந்திருந்தது. இவர் பார்த்துப் பார்த்துக் குழாயைத் திருப்பி, தெளிவு பண்ணி, ஒதுங்கி நின்று, பார் பிள்ளை என்றார். அவள் உடனே குனியவில்லை. இவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது நெலாதானே மாமா?"

கேலிக்குத்தான் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஆமா பிள்ளை, நிலாதான், நீயே வானத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள் என்றார்.